கைக்கடிகாரம் சொன்னதும் கால்கள் ஓடியதும்

சங்கத்துக் கூட்டங்களில் என்னைப் பார்த்திருப்பவர்கள், "இவருக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் என் பேத்தியால் வந்தது. சால்ட் லேக்கில் எங்கள் பிளாக்குப் பூங்காவை ஒட்டி, இருபுறமும் மரங்கள் அடர்ந்த நேரான பாதை ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பேத்தி தினமும் விடியற்காலையில் அங்கே ஓடிப் பழகுவாள். 200 மீட்டர் அவளுடைய பந்தயம். பிறந்தநாளுக்கு அவள் மாமா வாங்கித் தந்த ஓட்டக் கைக்கடிகாரம்தான் அவளுக்குக் குரு.

ஒரு தேர்வுப் போட்டிக்கு 27.50 வினாடி தேவைப்பட்டது. அவள் கைக்கடிகாரம் 27.28 காட்டியது. வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டோம். போட்டியில் மின்னணுக் கருவி காட்டியதோ 27.84. அழுதுகொண்டே வந்தவள் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, வாட்ச் பொய் சொல்லுமா?"

நான் ஓட்டக்காரன் அல்லன். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் நில அளவைப் பணியில் இருந்தவன். அளவு என்று வந்தால் எனக்குத் தூக்கம் வராது. அப்போது நான் கற்றுக்கொண்டதைப் பிள்ளைகளை ஓட அனுப்பும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

காலம்: பிழை எங்கே?

முதலில் கடிகாரத்தின் பக்கம் நியாயம் சொல்லிவிடுவோம். அதன் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்குப் பதினைந்து வினாடி தவறும் சாதாரணக் கடிகாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட ஓட்டத்தில் அதன் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட ஆகாது. ஆகவே கடிகாரம் காலத்தைச் சரியாகவே எண்ணுகிறது. எண்ணத் தொடங்கு, நிறுத்து என்று சொல்லும் நம் விரல்தான் தவறுகிறது.

கையால் நேரம் எடுக்கும் நடுவர்கள் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது, புகையை அல்லது ஒளியைப் பார்த்து அழுத்த வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.29 வினாடி ஆகிறது. ஒளியைப் பார்த்து அழுத்தினாலும் கண்டு, உணர்ந்து, விரல் அசையச் சற்று நேரம் போய்விடுகிறது. கடிகாரம் தாமதமாகத் தொடங்குவதால் கைநேரம் எப்போதும் ஓட்டக்காரருக்குச் சாதகமாகவே இருக்கும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட, 100, 200 மீட்டர் ஓட்டங்களின் கைநேரத்தோடு 0.24 வினாடியும் 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். இந்தப் பந்தயங்களில் உலக சாதனைக்கு 1977 முதல் மின்னணு நேரம் மட்டுமே ஏற்கப்படுகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதிப் போட்டியில் நான்காவதாக வந்த மில்கா சிங்கின் கைநேரம் 45.6 வினாடி. அதுவே தேசிய சாதனையாக நின்றது. 1998-இல் இதே கல்கத்தாவில் பரம்ஜீத் சிங் 45.70 வினாடியில் ஓடினார். 45.6 சிறிதா, 45.70 சிறிதா? பள்ளிக் கணக்கில் 45.6தான் சிறிது. ஆனாலும் பரம்ஜீத் சாதனையை முறியடித்ததாகவே கொள்ளப்பட்டது. அவருடைய நேரம் மின்னணுக் கருவி எடுத்தது. ரோமிலும் பக்கத்தில் ஒரு மின் கருவி இயங்கியிருக்கிறது. அது மில்காவுக்குக் காட்டியது 45.73. இப்போது 45.6 உடன் 0.14 கூட்டிப் பாருங்கள்: 45.74! நூறில் ஒரு பங்கு வினாடிதான் வித்தியாசம். அதே பந்தயத்தில் முதல் இருவருக்கும் கைநேரம் ஒன்றேதான், 44.9. மின் கருவியில்தான் 45.07, 45.08 என்று பிரிந்தார்கள்.

அந்த நூறில் ஒரு பங்கு எவ்வளவு பெரியது? 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்றவருக்கு 55.41. தூரக் கணக்கில் ஏழு சென்டிமீட்டர், நம் உள்ளங்கையின் அகலம்.

என் பேத்தி கதை இன்னும் வேறு. அவளே பொத்தானை அழுத்திவிட்டு ஓடுகிறாள். துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்து கால் கிளம்பும் அந்த 0.15, 0.2 வினாடி அவள் கணக்கில் வரவே இல்லை. போட்டியில் அது சேர்ந்துவிடும்.

தூரம்: டேப் பிடித்துப் பார்த்தேன்

ஆனால் 0.56 வினாடி வித்தியாசத்துக்கு அது மட்டும் போதாதே! "இருநூறு மீட்டர் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "வாட்ச்தான் சொன்னது" என்றாள். கடிகாரம் 200 காட்டிய இடத்தில் ஒரு செங்கல்லை நட்டு வைத்திருந்தாள். எங்கள் பழைய எஃகு டேப்பை எடுத்துப் போய் இரண்டு முறை அளந்தேன். 197 மீட்டர்!

அவள் வேகத்தில் மூன்று மீட்டருக்கு 0.41 வினாடி. 27.28 உடன் அதைக் கூட்டினால் 27.69. கிளம்பும் தாமதத்தையும் சேர்த்தால் போட்டியில் வந்த 27.84 கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை இயல்பு. மரங்களும் கட்டடங்களும் மறைத்தால் இன்னும் கூடும். பத்து கிலோமீட்டர் ஓடுபவருக்கு மூன்று மீட்டர் ஒரு பொருட்டல்ல. 100 மீட்டர் ஓடுபவருக்கு அது நூற்றுக்கு மூன்று.

இன்னொன்று. பல கடிகாரங்கள் வினாடிக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்கின்றன. மின்கலத்தை மிச்சப்படுத்தும் முறையில் வைத்தால் சில வினாடிகளுக்கு ஒருமுறைதான். புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும்போது வளைவு வெட்டுப்படுகிறது. முறையான 400 மீட்டர் தடத்தின் ஒரு வளைவில், வினாடிக்கு ஏழு மீட்டர் ஓடுபவருக்கு, ஒவ்வொரு வினாடியும் குறித்தால் இழப்பு இருபது சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐந்து வினாடிக்கு ஒருமுறை என்றால் நான்கு மீட்டருக்கு மேல் போய்விடும். திரையில் தெரியும் வேகமும் பெரும்பாலும் சில வினாடிகளின் சராசரிதான். ஐந்தாறு வினாடிப் பாய்ச்சலின் உச்ச வேகம் அதில் கரைந்துவிடும்.

இதயத் துடிப்பு: இங்கேதான் ஆபத்து

நேரத்தில் ஏமாந்தது ஒரு போட்டியோடு போயிற்று. அடுத்தது உடம்பில் பட்டது. தோற்ற ரோஷத்தில் பேத்தி விட்டுவிட்டு ஓடும் பயிற்சியில் இறங்கினாள். முப்பது வினாடி முழு வேகம், நான்கு நிமிடம் நடை, மறுபடி முழு வேகம். ஓடி முடித்துப் பார்த்தால் கடிகாரம் துடிப்பு 138 என்றது. "முயற்சி போதவில்லை" என்று தானாக முடிவு செய்து, நான்கோடு நிறுத்த வேண்டியதை ஏழாக்கினாள். ஏழாவது ஓட்டத்தில் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் படுக்கையும் ஒத்தடமும்.

கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் இரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு அது துடிப்பை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் சீராக ஓடும்போதும் ஓரளவு நம்பலாம். முழு வேகத்தில் கை வீசும்போது கடிகாரம் தோலின் மேல் குலுங்குகிறது. குலுக்கலையும் துடிப்பையும் பிரிக்க அது சில வினாடிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. அதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகிறது. சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்பு என்று எண்ணிக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே வாங்குவதால் மேலானது.

ஆனால் எந்தக் கருவி கட்டினாலும் ஓர் உண்மை மாறாது. இதயமே கால்களுக்குப் பின்னால்தான் வருகிறது. ஒரே சீரான உழைப்புக்கு ஏற்ப அது ஏறி நிலைப்பதற்கே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். முப்பது வினாடிப் பாய்ச்சலின் கடுமையைத் துடிப்பைக் கொண்டு எடைபோடுவது, உலையில் அரிசி போட்ட கையோடு சோறு வெந்ததா என்று பதம் பார்ப்பதைப் போன்றது.

வீட்டில் கடைப்பிடிக்கும் முறை

ஒன்று: தூரத்தை டேப்பால் அளந்து நிலையான அடையாளம் வையுங்கள். முறையான தடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு: நேரத்தை ஓடுபவர் எடுக்க வேண்டாம். கோட்டருகே ஒருவர் நிற்கட்டும். தொடங்குபவர் கைதட்டாமல் கைக்குட்டையை வீசட்டும். வந்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி, 0.24 கூட்டி நோட்டில் எழுதுங்கள்.

மூன்று: ஓடி நின்றவுடன் கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விரலை மெதுவாக வைத்துப் பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். எண்ணிக்கையில் ஒன்று தவறினால் ஆறு தவறும். ஆனாலும் குலுங்கும் கடிகாரத்துக்கு இது மேல்.

நான்கு: எத்தனை ஓட்டம் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கூட்டாதீர்கள். நேரம் சரியத் தொடங்கினாலோ தசை இறுகினாலோ அன்றைக்கு அத்தோடு போதும்.

கடிகாரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தை எண்ணவும், நீண்ட ஓட்டத்தைக் குறித்து வைக்கவும் அது நல்ல துணை. எதற்கு எந்த அளவுகோல் என்று தெரிந்திருந்தால் போதும். வீட்டு மனைக்குச் சங்கிலி, தங்கத்துக்குத் தராசு.

செங்கல் இப்போது மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறது. கால் குணமான பிறகு முதல் நாள் ஓடி, எங்கள் முறைப்படி கணக்கிட்டதில் வந்தது 28.14. அவள் முகம் வாடும் என்று பயந்தேன். "பரவாயில்லை தாத்தா, இது என்னோட நிஜ நேரம்" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள்.