வெண்திரையா, கருந்திரையா? கண்ணுக்கு இதம் தருவது எது?

துறைமுகத்தில் இரவுப் பணி செய்வோர், எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரியுடன் காத்து நிற்போர், நோயாளியின் கட்டிலருகே விழித்திருக்கும் உறவினர் என, கைப்பேசித் திரையை நெடுநேரம் பார்ப்பவர்கள் நம் வடசென்னையில் ஏராளம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து கண்ணுக்கு நல்லதா, ‘டார்க் மோட்’ எனப்படும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா என்னும் ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பு. 2019-இல் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய இரண்டிலும் இவ்வசதி முழுமையாக வந்தது. இரண்டில் எதுவும் கண்ணைக் கெடுப்பதில்லை. எதுவும் கண்நோய்க்கு மருந்தும் அன்று. இடத்தையும் கண்ணின் நிலையையும் பொறுத்தே தேர்வு அமைய வேண்டும்.

கண்ணுக்குள் நிகழ்வது என்ன?

வெளிச்சம் மிகுந்தால் கண்ணின் பாவை சுருங்கும், குறைந்தால் விரியும். பாவை சுருங்கியிருக்கும்போது விழித்திரையில் பிம்பம் கூர்மையாக விழும். ஆகவே வெண்திரையில் எழுத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. 2013-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், இளையோர், முதியோர் ஆகிய இரு சாராருக்குமே வெண்பின்னணி அனுகூலமாக இருந்தது. கருந்திரையில் பாவை விரிவதால், ‘அஸ்டிக்மாடிசம்’ என்னும் பார்வைக்குறை உடையவர்களுக்கு வெள்ளை எழுத்து கசிந்து படர்வது போலத் தோன்றக்கூடும்.

கண்புரை உடையவர்களின் நிலை வேறு. மங்கிய வில்லையின் வழியே புகும் ஒளி கண்ணுக்குள் சிதறிக் கூச்சத்தை உண்டாக்குகிறது. இத்தகைய கலங்கல் உடையோர் கறுப்புப் பின்னணியில் விரைவாகப் படிப்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985-லேயே கண்டறிந்தனர்.

எங்கே எது பொருந்தும்?

• பகல் வெளிச்சத்திலும் காசிமேடு போன்ற திறந்தவெளியிலும் வெண்திரை ஏற்றது. வெயிலில் கருந்திரை கண்ணாடிபோல் நம் முகத்தையே காட்டும்.
• பரிசோதனை அறிக்கை, மருந்து விவரம் போன்றவற்றைப் படிக்க வெண்திரையே பெரும்பாலோருக்கு நல்லது. முதலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.
• விளக்கணைத்த வார்டில் கருந்திரையை வைத்து, வெளிச்ச அளவையும் குறையுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவரின் உறக்கமும் கெடாது.
• இரவில் வாகனம் ஓட்டுவோர் வழிகாட்டும் வரைபடத்தைக் கரும்பின்னணியில் வைக்கலாம். செய்தி படிக்க வேண்டுமெனில் வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகே படிக்க வேண்டும்.
• கண்புரை, கண்கூச்சம், ஒற்றைத் தலைவலி உடையோர் கருந்திரையைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

முதியோர் தாமாக இவற்றை மாற்ற இயலாதபோது, உடனிருப்போர் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிஸ்ப்ளே’ என்பதைத் திறந்து இரண்டையும் காட்டி, எது எளிதாகப் படிக்க முடிகிறது என்று அவரிடமே கேட்க வேண்டும்.

எரிச்சலுக்குக் காரணம் வேறு

நாம் இயல்பாக நிமிடத்திற்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையைக் கூர்ந்து பார்க்கையில் இது பாதிக்கும் கீழாகக் குறையலாம். கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. பின்னணி நிறத்தை மாற்றுவதால் இது தீராது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 நொடிகள் பாருங்கள், முழுமையாக இமையுங்கள். மின்விசிறி, ஏசி ஆகியவற்றின் காற்று முகத்தில் நேராக வீச வேண்டாம். லாரிப் புழுதி கண்ணில் பட்டால் கசக்காமல் தூய நீரால் கழுவுங்கள்.

இதை மட்டும் மறவாதீர்கள்

இதுவரை உறுத்தாத வெண்திரை அண்மைக்காலமாகக் கூசுகிறது எனில், கருந்திரைக்கு மாறியதும் கிடைக்கும் ஆறுதலோடு நின்றுவிடாதீர்கள். அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்நோயால் விழித்திரையில் உண்டாகும் சேதம் தொடக்கத்தில் வெளியே தெரியாது.

திடீர்ப் பார்வை இழப்பு, மின்னல் போன்ற ஒளிக்கீற்று, திரை விழுந்தாற்போன்ற மறைப்பு, கண் சிவந்து கடும் வலியுடன் விளக்குகளைச் சுற்றி வண்ண வளையம் தெரிதல், அதனுடன் வாந்தி ஆகியவை ஏற்பட்டால் மறுநாள்வரை காத்திராதீர்கள். உடனே கண் மருத்துவரை அணுகுங்கள். 1819-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் பகுதியிலிருந்து எளிதில் சென்றடையும் தொலைவில்தான் உள்ளது.