ஒளிப்படத்தின் உயிர்

நுழையும்முன்

இன்று பெரும்பாலோர் கையில் ஒளிப்படக் கருவி இருக்கிறது. ஆயினும், எடுக்கப்படும் படங்கள் எல்லாம் செய்தியாவதில்லை. காட்சியைப் பதிவுசெய்யும் கருவிக்கும் உண்மையைத் தேடிச்செல்லும் மனத்துக்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடம் விளக்குகிறது.

கறையும் நம்பிக்கையும்

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்துள்ளது. அந்நீரை இளமைமுதல் பருகுவோரின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. நாளடைவில் எலும்புகளும் பாதிப்படைகின்றன. இதற்குத் தீர்வாகவே காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது.

இச்சிக்கலைப் படமாக்க முனையும் ஓர் இதழாளரை எண்ணிப் பாருங்கள். கறையைத் துல்லியமாகக் காட்டும் வில்லையை அவர் விலைகொடுத்து வாங்கலாம். ஆனால், வாய்பொத்திச் சிரித்துப் பழகிய சிறுமி தன் கையை விலக்குவதற்கு நம்பிக்கை வேண்டும். ஒருநாள் வருகையில் அது கிட்டாது. அவள் மறுத்தால் அதை மதித்து, குடத்துடன் காத்திருக்கும் வரிசையிலோ வறண்ட குழாயடியிலோ அதே உண்மையைத் தேடும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டையும் தருவது தொழில்மீதும் மக்கள்மீதும் கொண்ட ஈடுபாடே.

கடனில் வந்த கருவி

எம். பழனி குமார், மதுரை மாவட்டத்தில் மீன் விற்று வாழ்ந்த தாயின் மகன். அவருடைய முதல் கருவி, தாய் கடன் பெற்றுத் தந்த பணத்தில் வாங்கப்பட்டது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் அவலத்தைக் காட்டிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு அவர் ஒளிப்பதிவு செய்தார். பணியின்போது உயிரிழந்த தூய்மைப் பணியாளர்களின் குடும்பங்களையும், இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலுள் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களையும் தொடர்ந்து பதிவுசெய்தார். 2022ஆம் ஆண்டு, தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை முதலாவதாகப் பெற்றவர் இவரே. உழைப்பாளர் வீட்டில் பிறந்த அவரது பார்வையைக் கடைகளில் வாங்க இயலாது.

மிதிவண்டியில் ஒரு முன்னோடி

இந்தியாவின் முதல் பெண் ஒளிப்பட இதழாளர் ஹோமாய் வியாரவல்லா (1913–2012). கனத்த கருவியைச் சுமந்து, புடவையணிந்து, தில்லித் தெருக்களில் மிதிவண்டியில் சென்று அவர் செய்தி சேகரித்தார். அக்காலத்து ஒளிர்விளக்குக் குமிழ் ஒருமுறை எரிந்தால் மீண்டும் பயன்படாது. எனவே, உரிய நொடிக்காகக் காத்திருப்பதே அவரது திறனாயிற்று. 2011இல் அவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது.

கருவியின் இடம்

இவற்றால் கருவி வேண்டாததாகி விடுவதில்லை. தொலைவிலுள்ள யானைக் கூட்டத்தைப் படமெடுக்க நீள்வில்லை தேவை. இருளில் நுண்ணொளியை உணரும் கருவி உதவும். ஆனால், எங்கே செல்வது, யாரிடம் பேசுவது, எப்போது கருவியைத் தாழ்த்துவது என்பனவற்றை அது சொல்லாது. உழவருக்குக் கலப்பை போன்றதே இதழாளருக்குக் கருவி. நிலத்தை அறியாதவர் கையில் நல்ல கலப்பையும் விளைச்சல் தருவதில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பலரும் கவனிக்காத ஓர் உழைப்பைத் தேர்ந்தெடுக்க. உழைப்போரிடம் மூன்று நாள் உரையாடி, அவர்கள் இசைவு பெற்ற பின்னரே கைப்பேசியில் ஐந்து படங்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இருவரி விளக்கம் எழுதுக.