ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் வரவில்லையா?

● மனு நகல், கட்டண ரசீது, தபால் ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்குக்கு அவைதான் சாட்சி.

● 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் அந்தத் துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

● அங்கும் பலனில்லையா? 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தாலுகா ஆபீஸ், நகராட்சிக்கு மாநில ஆணையம். ரயில்வே, அஞ்சல் துறைக்கு மத்திய ஆணையம்.

● பிரிவு 18-இல் புகார் மட்டும் கொடுத்தால், தகவல் தராத அலுவலருக்கு அபராதம் விழலாம்; கேட்ட நகல் கைக்கு வராது. ஆவணம் வேண்டுமானால் பிரிவு 19(3)-இல் மேல்முறையீடு செய்யுங்கள்.

● காரணமில்லாத தாமதத்துக்கு அபராதம் நாளொன்றுக்கு ரூ.250, உச்சவரம்பு ரூ.25,000. அதை அலுவலரே கட்ட வேண்டும்.

● கெடு தாண்டினால் நகல்கள் இலவசம். பிரிவு 7(6)-ஐக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.