நுரையீரலை வளர்க்கும் விசை

விசை என்றதும் நம் நினைவுக்கு வருவது கப்பியும் நெம்புகோலும்தான். உயிருள்ள ஓர் உறுப்பையும் விசை வளர்க்கும் என்பதை, விலங்கியல் மாணவியாகிய நான் நூலகத்தில் அறியவில்லை. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் அறிந்தேன்.

2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அம்பாசமுத்திரத்தில் இருந்த என் அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்து நீர் கசியத் தொடங்கியது. கொட்டும் மழையில் வாடகைக் காரில் அழைத்து வந்தோம். "எனக்கு நுரையீரலைப் பற்றித்தான் கவலை" என்றார் மருத்துவர். ஆச்சி என் பக்கம் திரும்பி, "வயித்துப் பிள்ளைக்கு மூச்சே கிடையாதேட்டி, நுரையீரலுக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பிறகு எங்கள் பேராசிரியரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

கருவிலுள்ள நுரையீரல் சுருங்கிக் கிடப்பதில்லை. அது தானே ஒரு நீரைச் சுரந்து தன்னை நிரப்பிக்கொள்கிறது. குரல்வளை அந்நீரை எளிதில் வெளியே விடுவதில்லை. ஆகவே உள்ளே மெல்லிய அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதோடு கருக்குழந்தை அவ்வப்போது உதரவிதானத்தை அசைத்து மூச்சுப் பயிற்சியும் செய்கிறது. காற்றில்லாத மூச்சு! இந்த விரிவினால் இழுபடும் செல்கள் பெருகுகின்றன, காற்றறைகள் உருவாகின்றன. பனிக்குட நீர் வற்றினால் நுரையீரலின் நீரும் வடிந்துவிடும். இழுவை குறைந்து நுரையீரல் சிறுத்துப் போகும்.

1977-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டுக் கருவின் மூச்சுக்குழலைக் கட்டி நீரை உள்ளே தேக்கினார்கள், நுரையீரல் பெருத்தது. நீரை வடியவிட்டபோது சிறுத்தது. மதகை அடைத்தால் குளம் பெருகுவது போல என்று எண்ணிவிடலாம். ஆனால் பெருத்த நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்திருந்தன. இழுவை மிகுந்தாலும் கேடுதான்.

சர்ஃபாக்டன்ட் எதற்கு? சிறிய சோப்புக் குமிழி ஒன்றையும் பெரிய குமிழி ஒன்றையும் ஒரு குழாயால் இணைத்தால், சிறியது தன் காற்றைப் பெரியதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போகும். பரப்பு இழுவிசையின் வேலை அது. நுரையீரலின் சிறு காற்றறைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. சர்ஃபாக்டன்ட் அந்த இழுவிசையைத் தணிக்கிறது. மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இது போதிய அளவு இல்லை என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். நுரையீரல் விரைந்து முதிர்வதற்காக அக்காவுக்கு ஸ்டிராய்டு ஊசி போட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மூக்கில் பொருத்திய குழாயின் மறுமுனை, ஒரு தண்ணீர்ப் போத்தலில் மூழ்கிக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. பப்பாளித் தண்டை வாளித் தண்ணீரில் விட்டு ஊதுவோமே, அதேதான்! குழாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தால், அந்த 5 செ.மீ. நீரின் அழுத்தத்தை எதிர்த்தே குழந்தை மூச்சை வெளிவிட வேண்டும். அதனால் மூச்சு முடியும்போதும் காற்றறைகள் ஒட்டிக்கொள்வதில்லை. கருவில் குரல்வளை பார்த்த வேலையை இங்கே ஒரு போத்தல் பார்க்கிறது.

இதை விளக்கியபோது ஆச்சி, "எங்கய்யாவுக்கு டி.பி. வந்தப்ப விலாவுல ஊசி குத்திக் காத்து ஏத்துனாவ" என்றாள். அது நேர் எதிரான வைத்தியம். நுரையீரலுக்கு வெளியே காற்றை ஏற்றி, அதைச் சுருங்கவைத்து, அசையாமல் ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்று நம்பிய காலம் அது. இத்தாலி மருத்துவர் ஃபோர்லானினி தொடங்கிய முறை. ஓய்வு அத்தனை இன்றியமையாததா என்ற கேள்விக்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் தொடங்கிய ஆய்வில் காசநோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் தம் வீட்டிலும் அதே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டார்கள். வீட்டிலிருந்த ஏழைகளுக்கு நல்ல உணவுமில்லை, அவ்வளவு ஓய்வுமில்லை. எனினும் 1959-இல் முடிவுகள் வெளியானபோது இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். உலகமே பின்பற்றிய இந்த முடிவை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம்.

அதற்காகப் புண்பட்ட நுரையீரலை எவ்வளவும் விரிக்கலாம் என்பதில்லை. செயற்கைச் சுவாசக் கருவியில் ஒரு மூச்சுக்கு, உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மி.லி. காற்றுக்குப் பதில் 6 மி.லி. கொடுத்தபோது இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 ஆகக் குறைந்ததை 2000-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதுவரை உயிர் காக்கத் தந்த காற்றே சிலரின் நுரையீரலைக் கிழித்திருக்கிறது.

எங்கள் பிள்ளை ஆறு நாள் அந்தப் போத்தலோடு இருந்தான். ஏழாம் நாள் நர்ஸ் குழாயை எடுத்தார். குமிழிகள் நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்த ஆச்சி பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அதற்குள் உள்ளே அவன் வீறிட்டு அழத் தொடங்கியிருந்தான்.