உலகைச் சுற்றி அடைத்த கடன்

கேள்வி: எழுத்தாளர் மார்க் ட்வைன் கடனிலிருந்து மீண்டதில் அவர் மனைவிக்கும் பங்கு உண்டா?

பதில்: பாதிக்கு மேல் என்றே சொல்லலாம். ட்வைன் பங்குதாரராக இருந்த பதிப்பகம் 1894 ஏப்ரலில் திவாலானது. அவர் முதலீடு செய்திருந்த, அச்செழுத்துக் கோக்கும் பெய்ஜ் இயந்திரம் ஏற்கெனவே பெரும் பணத்தை விழுங்கியிருந்தது. அதில் மனைவி ஒலிவியாவின் பிறந்த வீட்டுச் சொத்தும் கரைந்தது.

சட்டப்படி ஒரு பகுதியைக் கட்டிவிட்டுக் கைகழுவியிருக்கலாம். ஒலிவியா சம்மதிக்கவில்லை, கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் முழுத் தொகையும் போக வேண்டும் என்றார். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ் கணக்குகளைக் கவனித்துக்கொண்டார். புத்தக உரிமைகள் ஒலிவியாவின் பெயருக்கு மாறின. குடும்பத்தின் கடைசி வருமான வழி அப்படித்தான் தப்பியது.

கடனை அடைக்கப் பணம் திரட்ட, 1895 ஜூலையில் தம்பதியர் நடு மகள் கிளாராவுடன் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். ட்வைனுக்கு வயது 59, உடல்நிலையும் சரியில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசினார். உடல் வலு இல்லாத ஒலிவியாவும் கூடவே அலைந்தார்.

பயணம் முடிந்த அடுத்த மாதமே, 1896 ஆகஸ்டில், அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். ஒலிவியா அப்போது மகளைப் பார்க்கக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். நெஞ்சைப் பிசையும் இடம் இது.

அந்தத் துக்கத்துக்கு நடுவிலேயே ட்வைன் பயண நூலை எழுதினார்; 1897-இல் வெளிவந்தது. 1898-இல் கடன் முழுவதும் அடைந்தது.