நிலத்தடி நீராவிக் குழாய்களும் வெப்பக் காப்பும்

1877-ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில், பேர்ட்சில் ஹாலி என்னும் பொறியாளர் மையக் கொதிகலனிலிருந்து நிலத்தடிக் குழாய்கள் வழியே பல கட்டிடங்களுக்கு நீராவி அளித்து வெப்பமூட்டினார். அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்கள் பலவும் பின்னர் இம்முறையை மேற்கொண்டன.

இதன் சிக்கனம் குழாயின் காப்புறையைப் பொறுத்தது. கனிமக் கம்பளி போன்ற பொருள்கள், தம்முள் அடங்கிய காற்றினாலேயே வெப்ப இழப்பைத் தடுக்கின்றன. நிலத்தடி நீர் புகுந்தால் காற்றின் இடத்தை நீர் கொள்ளும். நீரோ இருபது மடங்கிற்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எரிபொருள் வீணாவதோடு, குழாயும் அரிக்கப்படும்.

இழப்பு பணத்தோடு நிற்பதன்று. குளிர்ந்த நீராவி நீராகித் தேங்கினால், விரைந்துவரும் நீராவி அதனை உந்திக் குழாயில் மோதச் செய்யும். 2007 ஜூலையில் நியூயார்க் மாநகரில், 1924-இல் பதித்த குழாய் இவ்வாறே வெடித்தது. மழைநீர் குழாயைக் குளிர்வித்தது. தேங்கிய நீரை வெளியேற்றும் பொறிகளோ அடைபட்டிருந்தன. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர்.

எனவே, நீரை உறிஞ்சாத நுரைக்கண்ணாடிக் காப்பு, நீர் புகாத வெளியுறை, வடிகாலுடன் சரிவாக அமைந்த கால்வாய் ஆகியவை தேவை. 100 மீட்டர் எஃகுக் குழாய், வெப்பநிலை 150 பாகை செல்சியஸ் உயரின் சுமார் 18 சென்டிமீட்டர் நீளும். இணைப்புகள் இதற்கு இடமளித்தல் வேண்டும். பழைய உறைகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலின், தக்க பாதுகாப்பின்றித் தொழிலாளரை அவற்றைப் பிரிக்கச் செய்தல் தகாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015-இல் நீராவியை விடுத்து வெந்நீர் முறைக்கு மாறிற்று. வெப்பநிலை குறையின் இழப்பும் குறையும். ஆயினும் எம்முறையிலும், காப்புறையை உலர்வாக வைத்திருப்பதே முதற்கடமையாகும்.