மேல்கை முறிந்தால் மணிக்கட்டைப் பாருங்கள்

கேரளத்தின் கும்பளங்கியில் மீன்பிடிக்கும் சீனவலையின் கயிற்றை இழுப்பவரின் கையைக் கவனித்தால், பிடி இறுகும்போது மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். அது தொங்கிப்போனால் விரலில் பலம் இருந்தும் கயிறு நழுவும். அந்த நிமிர்வைத் தருவது ரேடியல் நரம்பு. மேல்கை எலும்பின் பின்பக்கத்தைச் சுற்றி வருவதால், எலும்பின் நடுப்பகுதி முறியும்போது இதுவும் அடிபடலாம். ஏறக்குறைய 100 பேரில் 12 பேருக்கு அப்படி நேர்கிறது.

பாசி படிந்த படித்துறையில் வழுக்கியோ, பைக்கிலிருந்தோ விழுந்து மேல்கை வீங்கினால் எண்ணெய் தடவி நீவ வேண்டாம். மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். விரல்களும் வீங்கியபின் அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு துண்டைத் தூளிபோல் கட்டிக் கையைத் தாங்கவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

நரம்பு அடிபட்டதா என்று பார்க்க, விழுந்தவரைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். அது எழவில்லையா? புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மரத்திருக்கிறதா? மாவுக்கட்டு போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லி எழுத வையுங்கள். இல்லாவிட்டால் விழுந்ததால் வந்ததா, மாவுக்கட்டால் வந்ததா என்று பிறகு குழப்பம்.

பெரும்பாலோருக்கு நரம்பு தானாகவே மீளும். ஆனால் அது அவசரப்படாது; சிதைந்த நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திவைக்கும் ஸ்ப்ளின்ட் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் விரல்களை நீட்டி மடக்க வேண்டும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடாது, சுட்டாலும் தெரியாது. சில மாதங்களாகியும் அசைவே இல்லையென்றால், அறுவை சிகிச்சை தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.